கத்துவதற்கும் ஒரு சுருதி

மஞ்சக்குப்பம் மைதானத்தின் நடுவே செருப்புகள் வரிசையாக இருக்கின்றன.

ஜோடி ஜோடியாக, முனையெல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. ரப்பர் செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, பாலீஷ் போட்ட ஒரு ஜோடி கறுப்பு ஷூ, அதற்குள் மடித்துச் செருகிய சாக்ஸ். அந்த வரிசைக்கு இந்தப் பக்கம் டிரம்ஸும் கிட்டாரும் நானும். அந்தப் பக்கம், கல்யாண மண்டபத்துச் சிவப்பு விரிப்பின் மேல் வெறுங்காலோடு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, உயரவாரியாக நிற்கிறது ஒரு கூட்டம்.

பாபு எழுதி வைத்திருந்த காட்சி இதுதான்: 'வெறிபிடித்த இளைஞர் கூட்டம் மேடையை நோக்கிப் பாய்கிறது.'

பாபு எங்கள் வீடியோவின் இயக்குநர். மற்ற நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பவன். கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"டோமி அண்ணே, இவுங்க பாய மாட்டாங்க. இவுங்களப் பாத்தா எனக்கு குரூப் போட்டோ எடுக்கத்தான் கை வருது."

என் கவலை வேறு. எங்கள் பாடகி ஜெசிந்தா கிட்டாரைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் பங்க் ஆன கதை

போன வாரம் இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: 'பாப் பங்க், பாப் பங்க் என்கிறீர்களே, அது என்ன பலகாரமா?'

நியாயமான கேள்வி. அது ஒரு பாட்டு வகை: கிட்டாரில் மூன்றே கார்டு, தேவைக்கு அதிகமான வேகம், அழ வேண்டிய விஷயத்தைக் குதித்துக்கொண்டே சொல்வது. இவ்வளவுதான். என் மனைவி லூர்து இதைவிடச் சுருக்கமாகச் சொல்வாள்: பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட வைக்கிற பாட்டு.

நான் எங்கள் பேண்டில் பேஸ் கிட்டார். ஆறு கம்பி கிட்டாரில் தப்பு செய்ய ஆறு வழி இருந்தது. நாலு கம்பி என்றால் நாலோடு போகும் என்று மாறினேன். நாற்பதைத் தொடப்போகிற வயது. மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிற வேலை. ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் முட்டிக்குத் தைலம் வாங்குவது அதே கடையில்தான். முதலாளி தள்ளுபடி தருவார். 'கலைஞனை ஆதரிக்கணும்ப்பா' என்பார். பாட்டை மட்டும் கேட்க மாட்டார்.

டிரம்ஸ் கார்த்தி. சிதம்பரத்தில் பல வருஷமாக ஆராய்ச்சி மாணவன். அவன் ஆராய்ச்சி எப்போது முடியும் என்று அவன் வழிகாட்டியே கேட்பதை விட்டுவிட்டார். பேண்டுக்கு 'மூணாம் நம்பர் கூண்டு' என்று பேர் வைத்தது அவன்தான். கடலூர் துறைமுகத்தில் புயலுக்கு முன்னால் ஏற்றுவார்களே, அந்த எச்சரிக்கைக் கூண்டு. நாங்கள் மூன்று பேர், அதனால் மூணாம் நம்பர்.

பேர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஐப்பசியில் நிஜமாகவே கூண்டு ஏற்றினார்கள். அன்றைக்கு எங்கள் பேண்டின் இணையப் பக்கத்தில் கமெண்ட் மழை. ஆசையோடு திறந்தால், எல்லாமே ஒரே கேள்வி: 'நாளைக்கு ஸ்கூல் லீவா அண்ணா?' அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பேர் எங்களைத் தேடி வந்ததில்லை.

ஜெசியின் குரல்

மூன்றாவது ஆள் ஜெசிந்தா. எங்களுக்கு ஜெசி. தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு கிராமத்துப் பெண். வேதியியல் படித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டில் முதல் பட்டதாரி. எங்கள் பேண்டில் சரியான நேரத்துக்கு வருகிற ஒரே ஆளும் அவள்தான்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடியவள். உச்சக் குரலில் பாடும் பெண்களின் சோப்ரானோ வரிசையில் முதல் இடம். கடலூரில் பாதிப் பேருக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கேக் ஞாபகம் வரும். எங்கள் பங்கில் ஜெசியின் குரல்தான் ஞாபகம் வரும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியின்போது ஆர்கன் கிடையாது. ஒருவர் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று ஆரம்ப ஸ்வரத்தைக் கொடுப்பார். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கி, ஒன்றாக மூச்சிழுத்து, ஒன்றாக ஆரம்பிப்பார்கள். சுருதி கொடுக்கிறது என்பார்கள். அந்த 'ம்ம்' வராமல் ஒருத்தர் வாயும் திறக்காது. அதைக் கொடுத்தவள் ஜெசி.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன். கட்டி நல்ல கட்டிதான், போய்விட்டது. போகும்போது அவளுடைய மேல் ஸ்வரங்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது தாழ்ந்த, கரகரத்த குரல். ஃபோனில் பேசினால் 'சொல்லுங்க சார்' என்றார்கள்.

ஜெசி பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தினாள். பூசைக்கு வருவாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள். பாட்டு வரும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளை எங்கள் பேண்டுக்குக் கூப்பிட்டது என் வாழ்க்கையின் ஒரே புத்திசாலித்தனம் என்று நான் சொல்லிக்கொள்வேன். உண்மையில் கூப்பிட்டது கார்த்தி. 'மச்சான், அந்தக் கொரலுதான்டா பங்க்கு. நாம ரெண்டு பேரும் தொண்டயக் கிழிச்சிகிட்டாலும் அது வராது' என்றான். நான் தலையாட்டினேன். அதில் எனக்கும் பங்கு உண்டல்லவா?

பாட்டு எதைப் பற்றி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வந்ததும் ஜன்னல்கள் தடதடவென்று இறங்கும். ரசாயன வாசனை அடிக்கிற நாளிலும் இறங்கும், அடிக்காத நாளிலும் இறங்கும். பழக்கம். தூங்குகிறவர்கூட கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூக்கத்தைத் தொடர்வார்.

ஜெசி இறங்க வேண்டிய இடம் அங்கேதான். எல்லோரும் ஜன்னலைச் சாத்துகிற நேரத்தில் அவள் எழுந்து நிற்பாள். அதை வைத்துத்தான் பாட்டு எழுதினாள்.

'சிதம்பரம் பஸ்ஸுல சீட்டு கெடச்சுது
எங்க ஊரு வந்ததும் ஜன்னல் அடச்சுது
மூக்கப் பொத்துற மகராசா
மூஞ்சியக் கொஞ்சம் காட்டு ராசா
ஜன்னலத் தொற!'

அந்தத் 'தொற' வருகிற இடத்தில் கூட்டமாகக் கத்த வேண்டும். பாப் பங்க்கில் இது சம்பிரதாயம். பாடகர் ஒரு வரி பாடுவார், ஊரே சேர்ந்து ஒரு வார்த்தை கத்தும். எங்களிடம் ஊர் இல்லை. மூன்று பேர் இருந்தோம்.

கீழ வீதி மாடியில்

இந்த ஒரே பாட்டைச் சிங்கிளாகப் பதிவு செய்தது சிதம்பரம் கீழ வீதியில், ஒரு செல்ஃபோன் கடை மாடியில். ஸ்டுடியோக்காரருக்குப் பிழைப்பு ஆட்டோ விளம்பரம். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, சர்க்கஸ், தேர்தல் எல்லாம் அவர் குரலில்தான் ஊரைச் சுற்றும். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி, 'எந்தக் கட்சி?'

பாடுவதற்காக ஜெசி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். முதல் வரி பாடினாள். ஸ்டுடியோக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்த மனிதரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

பிரச்சினை 'தொற'வில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் மைக்கைச் சுற்றி நின்று திரும்பத் திரும்பக் கத்தினோம். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கேட்டால், பஸ் ஸ்டாண்டில் மூன்று கண்டக்டர் சண்டை போடுவது போல இருந்தது. கார்த்தியும் ஜெசியும் தேவலாம். நடுவில் ஒரு குரல் மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி தனியாகத் தெரிந்தது. அது யாருடையது என்று கார்த்தி கேட்டான். நான் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைத் தரிசித்துக்கொண்டிருந்தேன்.

"எலெக்சன் எக்கோ போட்டுரட்டா தம்பி?" என்றார் ஸ்டுடியோக்காரர். "மூணு பேரு முந்நூறு பேரு மாரி கேக்கும்."

போட்டார். எங்கள் பாட்டு ஓட்டுக் கேட்டது. சரி, இப்போதைக்கு இருக்கட்டும், வீடியோவில் கூட்டத்தைக் காட்டிச் சமாளிப்போம் என்று முடிவு செய்தோம்.

வராத வெறிக்கூட்டம்

கூட்டத்துக்குப் பொறுப்பு கார்த்தி. சிதம்பரம் விடுதிப் பையன்கள் ஒரு வேன் நிறைய வருவதாக ஏற்பாடு. மைதானத்துக்கு அனுமதி வாங்கி, சாயங்கால வெயிலுக்காகக் காத்திருந்தால், கார்த்தி ஃபோனைப் பார்த்துக்கொண்டு வருகிறான். பையன்களுக்குச் செய்முறைத் தேர்வைத் திடீரென்று மாற்றிவிட்டார்களாம். ஒருத்தனும் வரவில்லை.

பாபுவுக்கு மறுநாளிலிருந்து முகூர்த்தம். அதாவது ஊரில் யாருக்கோ முகூர்த்தம், பாபுவுக்கு வேலை. இன்று விட்டால் தை முடிந்துதான்.

நான் லூர்துவுக்கு ஃபோன் போட்டேன். "எங்கயாவது பத்து இருவது பேரு சும்மா இருந்தா அனுப்பி வையேன்" என்றேன். நான் கேட்டது அவ்வளவுதான். அவள் அதே பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவள், அன்றைக்குப் பயிற்சி நாள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் பேஸ் வாசித்துக்கொண்டா இருப்பேன்?

கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்கள் வந்து நின்றன. முன்னால் பிலோமினா அக்கா இறங்கினார். பாடகர் குழுவின் தலைவி. தபால் ஆபீசில் கவுன்ட்டர் வேலை. அவர் நிமிர்ந்து பார்த்தால் போதும், வரிசை தானாக நேராகும். பின்னால் முழுக் குழுவும். பாபு விரித்திருந்த சிவப்பு விரிப்பைப் பார்த்தார்கள். மேடை என்று நினைத்து, கோயில் பழக்கத்தில், செருப்பைக் கழற்றி அழகாக அடுக்கினார்கள். சோப்ரானோ, ஆல்ட்டோ என்று பெண்களும், டெனார், பாஸ் என்று ஆண்களும் பிரிந்து நின்றார்கள்.

அப்போதுதான் ஜெசி ஜிப்பை இழுத்தாள்.

'பாவம்'

ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன். பாட்டு ஸ்பீக்கரில்தான் ஓடும், நீ வாயை மட்டும் அசைத்தால் போதும், உன் குரலை யாரும் கேட்கப் போவதில்லை என்று சமாதானம் சொன்னேன்.

"ஸ்பீக்கர்லயும் நாந்தானண்ணே பாடியிருக்கேன்," என்றாள்.

இந்த விவரமும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அவுங்க திட்டுனா பரவால்லண்ணே. நல்லா இல்லன்னாகூட பரவால்ல. கேட்டுட்டு, 'ஐயோ பாவம் ஜெசி, எப்புடி பாடுவா'ன்னு ஒரு பார்வ பாப்பாங்க பாரு, அத என்னால தாங்க முடியாது. அதுக்குத்தான நான் கடைசி பெஞ்சுல ஒக்காந்திருக்கேன்?"

பின்னால் கார்த்தி டிரம்ஸ் குச்சியைக் காதில் செருகிக்கொண்டு நின்றான். "நீ வேணாம்னா வேணாம் ஜெசி. ஷூட்டிங்க விட்டுருவோம். பாட்டு எங்கயும் ஓடிடாது," என்றான். ஆராய்ச்சியைத் தவிர மற்ற விஷயங்களில் அவன் தெளிவானவன்.

ஜெசி விரிப்பைப் பார்த்தாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்து லேசாகக் கையசைத்தார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? "ஒரே ஒரு டேக்கு," என்று சொல்லி, பையைத் திறந்தாள்.

'சுருதி யாரும் குடுக்கலியே'

ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. ஜெசியின் புதுக்குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. பாடகர் குழுவில் ஒருவரும் அசையவில்லை. நான் பேஸ் வாசிப்பது போல நடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். சோப்ரானோ வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். ஜெசியும் அதைப் பார்த்துவிட்டாள்.

'தொற' வந்தது. கூட்டம் கத்தவில்லை. பாட்டு அடுத்த வரிக்குப் போன பிறகு, இரண்டு பேர் மட்டும் சன்னமாக 'தொற' என்றார்கள்.

பாபு நிறுத்தினான். மறுபடி ஓட்டினான். மறுபடியும் தாமதம். இன்னொரு முறை ஓட்டினான். இந்தத் தடவை முழுக் குழுவும் வாயைத் திறந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, மூடிக்கொண்டது. ஓரத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள்.

"என்னாக்கா ஆச்சு?" என்று பிலோ அக்காவிடம் போனேன்.

"சுருதி யாரும் குடுக்கலியே."

"அக்கா, இது பாடுற பாட்டு இல்ல. கத்துற பாட்டு."

"கத்துறதுக்கும் ஒரு சுருதி வேணுமில்ல? ஆளாளுக்குக் கத்துனா அது சந்த."

சரி, நானே தருகிறேன் என்று பேஸைத் தட்டினேன். படப்பிடிப்பு என்பதால் அதில் ஒயரே இல்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு 'ம்ம்' என்றேன். ஆல்ட்டோ வரிசையில் என் மனைவி, என்னை முன்பின் பார்த்திராதவள் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கிரிக்கெட் பையன்களில் ஒருவன் கை தட்டினான்.

சிரிப்பு அடங்கியது. பிலோ அக்கா எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ஜெசிம்மா. நீ குடு."

பாபுகூட 'அப்படியே லேசா சிரிங்க' என்று சொல்லவில்லை.

"அந்தக் கொரலு இப்ப இல்லக்கா," என்றாள் ஜெசி.

"அது எனக்குத் தெரியாதா? நான் என்னா அந்தக் கொரலயா கேட்டேன்? நீ எடத்த விட்டுட்டுப் போனதுலேர்ந்து நாங்க ஒரு மாரியா ஆரம்பிச்சிகிட்டு இருக்கோம். ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. இவ என்னாடான்னா அழுதுகிட்டு நிக்குறா." கண்ணைத் துடைத்த பெண்ணைக் காட்டினார். "ஒன்னப் பாத்துப் பாவப்பட்டு இல்ல. நீ போனதும் மொத எடம் இவளுக்குத்தான் வந்துது. மூச்சு எப்ப எடுக்கறதுன்னு தெரியாம தெனம் வீட்டுல அழுவுறா. இருக்கறதக் குடும்மா. நாங்க வந்து சேந்துக்கறோம்."

ஜெசி கிட்டாரைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கண்ணை மூடினாள்.

"ம்ம்."

தாழ்வாக, கரகரப்பாக, ஆனால் ஆணி அடித்த மாதிரி. அவர்கள் பழகிய இடத்தைவிட அது எவ்வளவோ கீழே. சோப்ரானோக்கள் ஒரு நொடி தடுமாறினார்கள். பிறகு படி இறங்குகிறவர்கள் மாதிரி ஒவ்வொருவராக இறங்கி, அவள் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மொத்தக் குழுவும் மூச்சிழுப்பது எனக்குக் கேட்டது. பாபு பாட்டை ஓட்டவே மறந்துவிட்டான்.

ஜெசி ஸ்பீக்கர் இல்லாமல், மைக் இல்லாமல், அந்த வரியைப் பாடினாள். ஜன்னலத்...

"தொற!"

நாலு பாகமாகப் பிரிந்து வந்தது. அடியில் பாஸ், மேலே டெனார், அதன் மேலே பெண்கள். நிழலுக்கு ஒதுங்கியிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. தைலம் இல்லாமலேயே முட்டி சரியாகிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வீடியோவில் இருக்கிறது. கார்த்தி டிரம்ஸில் உட்கார்ந்து நிஜமாகவே அடித்தான். குழு குதித்தது. வரிசை கலையாமல், முதலில் சோப்ரானோ, பிறகு ஆல்ட்டோ என்று முறைப்படி குதித்தது. உலகத்தில் வேறெந்தப் பங்க் வீடியோவிலும் கூட்டம் இத்தனை ஒழுக்கமாகக் கலவரம் செய்திருக்காது.

அதற்கப்புறம்

கார்த்தி தன் ஃபோனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்திருந்தான். சிதம்பரம் மாடிக்குக் கொண்டு போனோம். ஸ்டுடியோக்காரர் கேட்டுவிட்டு, எங்கள் மூன்று கண்டக்டர்களையும் எலெக்சன் எக்கோவோடு சேர்த்து அழித்தார். அதில் ஒரு ஆட்டுக்குட்டியும் போயிற்று. யாரும் துக்கம் அனுஷ்டிக்கவில்லை. இன்று நீங்கள் சிங்கிளைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'ம்ம்' வரும். அதை மட்டும் அவர் வெட்ட மறுத்துவிட்டார்.

பாட்டு ஊரைத் தாண்டி எங்கெங்கோ போயிற்று என்று அடித்துவிட ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. ஆனால் சிதம்பரம் பஸ்ஸில் ஒரு டிரைவர் அதைப் போடுகிறார் என்று ஜெசி சொன்னாள். அந்த வரி வரும்போது காலேஜ் பிள்ளைகள் சிலர் ஜன்னலைத் தூக்குகிறார்களாம். பெரியவர்கள் திட்டிக்கொண்டே மறுபடி சாத்துகிறார்களாம். பரவாயில்லை, விவாதம் தொடங்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது அன்றைய சாயங்காலத்தின் கடைசிப் பகுதி.

வெளிச்சம் போய்விட்டது. பாபு விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஜெசி ஸ்பீக்கர் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் பிலோ அக்கா வந்தார்.

"ஞாயித்துக்கெழம எட்டு மணி பூச. ஏழரைக்கு வந்துரு."

"அக்கா, என்னால இனிமே சோப்ரானோ பாட முடியாது. கொரலு ஆம்பளைங்க பக்கம் போயிடுச்சு."

"அதான் நானே காதால கேட்டனே. டெனார்ல ரெண்டு பேரு துபாய்க்குப் போயிட்டானுங்க. எடம் காலியாத்தான் கெடக்குது."

டெனார்களில் ஒருவர், பாலீஷ் ஷூக்காரர், கொஞ்சம் கூச்சத்தோடு சேர்ந்துகொண்டார். "எங்க வரிசைக்கு நேரா ஃபேன் இருக்கு ஜெசி. சோப்ரானோவுக்குக் காத்தே வராது."

ஜெசி சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பும் கரகரப்பாகத்தான் இருந்தது. கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"டெனார் லைனு எனக்குத் தெரியாதே. யாராவது பாடி அனுப்புறீங்களா?"

டெனார்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்தார்கள்.